அப்பா இன்னும் வரவில்லை

மயங்கி விழுவதென்றால் முதலில் கண் இருட்டும், தலை சுற்றும், யாராவது ஓடிவந்து தாங்கிப் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸைக் கையில் வாங்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது என் பல்லில் இருந்த மண். முப்பத்திரண்டு வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். குமுளி மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன். ஓடுகிற வண்டியில் விழாதவன் சும்மா நின்ற இடத்தில் விழுந்தால் மானம் போகாதா?

"ஏன் பெருசு, டீ நல்லா இல்லேன்னா சொல்ல வேண்டியதுதான, கிளாஸ ஒடைக்கணுமா?" என்றான் டீக்கடைக்காரன். கேலிதான். ஆனால் என் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, அவனேதான் ஆட்டோவைக் கூப்பிட ஓடினான்.

என் பெயர் ராசாங்கம். வயது எண்பத்தொன்று. இதுவரை ஆஸ்பத்திரிக்கு மற்றவர்களைப் பார்க்கத்தான் போயிருக்கிறேன். கூடலூரில் ஒரு டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார். "நாடி முப்பத்திநாலுதான் ஓடுது. ஒங்க கூட யாரும் வந்திருக்காகளா?" என்று கேட்டார். நமக்கு என்ன என்று நம்மிடம் சொல்லாமல் கூட யார் என்று கேட்டால், விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

ஆம்புலன்ஸில் தேனிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி சரசு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் வண்டி திரும்புகிற திருப்பத்தையும் ஏறுகிற வேகத்தடையையும் வைத்து, "கம்பம்... உத்தமபாளையம்... சின்னமனூர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பயத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"வாய மூடிட்டுப் படுங்க. இங்கன யாரும் எறங்க மாட்டாக" என்றாள் சரசு. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தேனியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். 'ஹார்ட் பிளாக்' என்றார் இதய டாக்டர். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. பிளாக் என்றதும் நம் ஆட்கள் ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது வேறு. இதயத்தில் மேலே அறைகள், கீழே அறைகள். மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு ஒரு மின்சாரச் செய்தி போக வேண்டும். போனால்தான் கீழ் அறை சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும். எனக்குச் செய்தி போகிற வழி அறுந்துவிட்டது. எனக்குப் புரிந்தபடி சொன்னால், கண்டக்டர் விசில் ஊதுகிறார், டிரைவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் தன் இஷ்டத்துக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறார். எந்த இடத்தில் வண்டியை நிறுத்துவார் என்று யாருக்கும் தெரியாது.

"பேஸ்மேக்கர் வைக்கணும்யா. வச்சா சரியாயிரும்" என்றார்.

"வைக்காட்டி?"

"அடுத்த தடவ விழும்போது எந்திரிக்காமப் போகலாம்."

கேட்டது என் தப்பு.

அன்று மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஷீபா என்ற நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். குமுளிக்கு அந்தப்பக்கத்துப் பெண். பேச்சில் மலையாள வாடை அடிக்கும். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பீடி சிகரெட் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, "அம்மா உண்டோ தாத்தா?"

"எறந்துட்டாக. இருபத்திரெண்டு வருசம் ஆச்சு."

"அப்பா?"

"இன்னும் வரல."

"வரலையா? எங்க போயிருக்காரு?"

"யுத்தத்துக்கு."

அவள் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். தலைக்கு மேலிருந்த திரையைப் பார்த்தாள். "பயப்படண்டா தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். டாக்டர் வந்தார். நாடி குறைந்தால் மூளைக்கு ரத்தம் குறையும், புத்தி தடுமாறும். அப்படி ஆகிவிட்டதோ என்று அவர்களுக்குச் சந்தேகம். இது என்ன ஊர், இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டார்.

"தொண்ணூத்தி மூணு. அதுல ஏழு போனா எம்பத்தாறு. அதுலயும் ஏழு போனா எழுவத்தொம்போது. சில்லறைக் கணக்கு நம்மகிட்டத் தப்பாது சார்" என்றேன்.

"சரி, இப்ப எந்த யுத்தம் நடக்குது?"

வெளியே நின்ற சரசுவைக் கூப்பிட்டார்கள். "அவருக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள் அவள். கூச்சத்தில் அவள் முகம் சிறுத்துவிட்டது. ஷீபா படிவத்தில் 'தகவல் இல்லை' என்று எழுதினாள்.

எங்கள் வீட்டில் ஏன் அப்படிச் சொல்லுவோம் என்பதை எழுதாமல் இந்த வியாதியைப் பற்றி எழுத முடியாது.

என் அப்பா வீரணன் பட்டாளத்தில் சேர்ந்தபோது ஆத்தா வயிற்றில் நான் ஐந்து மாதம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டதால் பர்மா அரிசி வருவது நின்றுபோன காலம். ஆறு பாய்கிற பள்ளத்தாக்குதான்; ஆனாலும் விளைந்த நெல்லைச் சர்க்கார் ஆட்கள் அளந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆத்தா சொல்லுவாள். சோளக் கஞ்சியும் அவித்த கிழங்கும்தான் சாப்பாடு. மண்ணெண்ணெய் கிடையாது. உடுத்த ஒரு சேலை. ரங்கூனில் கடை வைத்திருந்த உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்திருந்தார். "வழி நெடுகப் பொணம், அங்கன போகாதீகடா" என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகும் அப்பா அங்கேதான் போனார். ஏன் போனார்? "பட்டாளத்துல மூணு வேளையும் அரிசிச் சோறு போடுறாகளாம்." அதுதான் காரணம். ராஜாவுக்காகவும் போகவில்லை, தேசத்துக்காகவும் போகவில்லை. அப்போது அவருக்கு இருபத்திமூன்று வயது.

ஒரே ஒரு கடுதாசி வந்தது. அதிலும் பாதி வரிகளில் மை பூசி அழித்திருந்தது. சோறு கிடைக்கிறது, மழை விடவில்லை, பிள்ளை பிறந்தால் எழுது என்பது மட்டும் மிச்சம். நான் பிறந்து எட்டாம் மாதம் சர்க்காரிலிருந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார்: காணவில்லை, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது.

"கருதப்படுதுன்னா? கண்ணால பாத்தாகளா, பாக்கலையா?" என்று ஆத்தா கேட்டாளாம்.

"பாக்கலத்தா."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. பென்சன் படிவம் வந்தது. அதில் 'விதவை' என்று போட்டிருந்த இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். ஆத்தா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மூன்று தடவை ஆள் வந்து சொல்லியும் விரலை நீட்டவில்லை. களையெடுத்தும் கதிர் அறுத்தும்தான் என்னை வளர்த்தாள். ஒரு ஆகஸ்ட் பதினைந்தில் பள்ளிக்கூடத்தில் தியாகிகளுக்கு மாலை போட்டார்கள். எங்கப்பாவும் சண்டைக்குப் போனாரே என்று எழுந்து நின்று சொன்னேன். "ஒங்கப்பன் வெள்ளைக்காரனுக்காகத்தானடா சண்ட போட்டான், ஒக்காரு" என்றார்கள். மிட்டாயை மட்டும் கொடுத்தார்கள். பதினாலு வயதில் அந்தச் சர்க்கார் காகிதத்தை எடுத்துப்போய் நானே அகராதி பார்த்துப் படித்தேன். அன்றோடு எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பா வரமாட்டார்.

ஆனால் ஆத்தாவிடம் எப்படிச் சொல்வது? நான் டூட்டி முடிந்து வந்ததும், "குமுளி வண்டியில யாரும் வந்தாகளா?" என்று கேட்பாள். "இன்னும் வரல ஆத்தா" என்பேன். தினமும் இதே கேள்வி, இதே பதில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் வீரணன் என்றுதான் இருக்க வேண்டும் என்று தாலுகா ஆபீசில் ஒரு ஆளோடு அவள் மல்லுக்கு நின்றதெல்லாம் உண்டு. நானும் எந்தப் படிவத்திலும் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்பாதான் அழைக்கிறார்.

ஆத்தா இறந்தபோது மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, பூச்சூட்டி, தாலியோடு அடக்கம் செய்தோம். சுமங்கலியாகத்தான் போனாள். இங்கேதான் முடிச்சு விழுந்தது. எங்கள் பக்கம் அப்பன் உயிரோடு இருக்கிறவன் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது. ஆத்தாவுக்கு இறைக்க வேண்டுமென்றால் முதலில் அப்பா செத்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், நான் அவளைத் தாலியோடு அனுப்பியது பொய். அவள் கட்டிக் காத்த அறுபது வருடமும் பொய். அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் இரண்டு பேரையும் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தேன்.

தொடை வழியாக ஒரு ஒயரை இதயம் வரைக்கும் செலுத்தி, வெளியே ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினார்கள். தற்காலிக பேஸ்மேக்கர். நிரந்தரமாக ஒன்று வைக்கும்வரை அந்தப் பெட்டி விசில் ஊதும். மறுநாளே உள்ளே வைக்க வேண்டியது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, சிறுநீரில் கிருமி. கிருமி இருக்கும்போது உடம்புக்குள் கருவியை வைத்தால் அதிலும் கிருமி ஏறிவிடுமாம். ஆறு நாள் ஊசி போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு நாளும் வலது காலை மடக்கக் கூடாது. கொஞ்சம் அசைந்தாலும் ஒயர் விலகிவிடும். மூன்றாம் நாள் தும்மினேன். திரையில் கோடு நேராகப் போனது. ஷீபாவும் இன்னொருத்தியும் ஓடிவந்து என்னைச் சாய்த்துப் பிடித்து ஒயரைச் சரிசெய்தார்கள். நான்கைந்து விநாடிதான் இருக்கும் என்றார்கள். அந்த நான்கைந்து விநாடியில் நான் இல்லை.

உயிர் பயம் எனக்கு உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நான் செத்தால் எனக்குச் செய்ய என் மகள் மலர் இருக்கிறாள். அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் எந்தக் காட்டில் விழுந்தார் என்று எந்த சர்க்காருக்கும் தெரியாது, எந்தக் கல்லிலும் பெயர் இருப்பதாகக் கேள்வியில்லை. அவர் செத்தார் என்று சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் பாக்கி. நானும் போய்விட்டால் அவர் அப்படியே வராதவராகவே இருந்துவிடுவார். ஆடி அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பார்வையாளர்களுக்குக் காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம். மறுநாள் காலை சரசு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஆத்தாவுக்குத் துரோகம் பண்றேனோன்னு இருக்கு. பண்ணாட்டி அப்பாவுக்குத் துரோகம். நான் என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டேன்.

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைக்குத் தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாமா எறந்தது. அவுகளுக்கு எப்பவோ தெரியும்."

அதற்குள் ஷீபா வந்து, "டைம் ஆச்சு பாட்டி" என்றாள். என்ன கெஞ்சியும் விடவில்லை. சரசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பதினொன்றே காலிலிருந்து ஐந்து மணிவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதிர்ச் சுவரில் கடிகாரம். காலை மடக்கக் கூடாது. எழுந்து போய்க் கேட்க முடியாது. கஞ்சி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஐந்து மணிக்கு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"நான் கல்யாணமாகி வந்த மொத ஆடி அமாவாசை. அத்தை சோத்தப் போட்டுக்கிட்டு, தொழுவத்துல ஒக்காந்து சாப்புடுறேன்னு போனாக. ஊறுகா குடுக்கலாமேன்னு நான் பின்னாலயே போனேன். மொதல்ல ஒரு பிடி சோத்தக் காக்காய்க்கு வச்சுட்டுக் கும்புட்டாக. மிச்சத்த மாட்டுக்குப் போட்டுட்டு, வெறுந்தட்டக் கழுவுனாக. என்னையப் பாத்ததும் அப்படியே ஒக்காந்துட்டாக."

தாலியோடு இருக்கிற பெண் அமாவாசைக்குப் பட்டினி கிடக்க மாட்டாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடுகிற நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாளே ஆத்தா, அதுவும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"என்ன சொன்னா?"

"'ஆத்தா சரசு, கண்டத வெளிய சொல்லிராத. அவென் தாங்க மாட்டான். அப்பன் வருவான் வருவான்னே வளந்த பிள்ள. தெனமும் வண்டி வண்டியாத் தேடிட்டு வந்து, இன்னும் வரலன்னு எங்கிட்டச் சொல்றான். நான் தாலியக் கழட்டிட்டா அவனுக்கு அப்பன் இல்லாமப் போயிருமே'ன்னாக. எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாக."

"நான் அவளுக்காகத்தானடி சொன்னேன்!"

"தெரியும். நீங்க அவுகளுக்காகச் சொன்னீக. அவுக ஒங்களுக்காகக் கேட்டாக. நடுவுல நான் ஒருத்தி ரெண்டு பேரு வாயையும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் சத்தம்போட்டு அழுதேன். பெட்டி தன் பாட்டுக்கு அறுபது, அறுபது என்று அடித்துக்கொண்டிருந்தது. சரசுவைத் திட்டினேன். ஐம்பத்தைந்து வருடம் எப்படியடி வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். அவள் என் கண்ணைத் துடைத்தாள். அன்று பத்து நிமிடம் தாண்டியும் ஷீபா எங்கள் பக்கம் வரவில்லை.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தை மலர் பூர்த்தி செய்தாள். இன்சூரன்ஸ் அட்டைக்காக மூன்று நாள் படி ஏறி இறங்கி அவள் முகம் வாடிக் கிடந்தது. 'ராசாங்கம், த/பெ' என்று எழுதியவள் நிமிர்ந்தாள். அவளுக்கும் அம்மா சொல்லியிருப்பாள் போல.

"தாத்தா பேருக்கு முன்னால 'லேட்'னு போடவாப்பா?"

"போடாத. நான் இன்னும் எள்ளு இறைக்கல. உசுரோட வெளிய வாரேன், அப்பறம் போடலாம்."

பேஸ்மேக்கர் வைப்பது நாம் நினைக்கிற மாதிரி நெஞ்சைப் பிளக்கிற ஆபரேஷன் இல்லை. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் ஒரு பை மாதிரி செய்து, தீப்பெட்டி அளவுக் கருவியை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம். முழு நினைவோடுதான் இருந்தேன். ஒரு மாதத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆடி அமாவாசை அன்று சுருளித் தீர்த்தத்தில் நிற்க இடமில்லை. அருவியில் குளிக்க முடியாது. சேலைக்கடைப் பாலிதீன் பையை வெட்டி மலர் என் நெஞ்சில் ஒட்டினாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தலையில் மட்டும் தெளித்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"அப்பா பேரு?" என்றார் அய்யர்.

"வீரணன்."

"அம்மா பேரு?"

"ராக்கம்மா."

"வழக்கமா வர்றவருதானா? எத்தனாவது வருசம்?"

"இதான் மொதத் தடவ" என்றேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். அப்பாவுக்கு இருபத்திமூன்று வயது. என் பேரனுக்கு இப்போது இருபத்தாறு. மூணு வேளை அரிசிச் சோற்றுக்காகப் போன பிள்ளைக்கு, பச்சரிசிப் பிண்டம் பிடித்து வைத்தேன். வலது கை உள்ளங்கையில் எள்ளை வைத்து, கட்டைவிரல் வழியாகத் தண்ணீர் விடச் சொன்னார். ஆத்தா மடக்கிக்கொண்ட அந்தக் கட்டைவிரலை நான் நீட்டினேன்.

அடுத்த வாரம் தையலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளிகள் பகுதியில் ஷீபா இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "தாத்தாவுக்குப் புத்தி சரியாயோன்னு பார்க்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். "அப்பா உண்டோ தாத்தா?"

"இல்லம்மா. எறந்துட்டாக."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "எப்போ?"

"போன அமாவாசைக்கு" என்றேன்.

சரசு என் முதுகில் கை வைத்தாள். ஷீபா பேனாவை மூடி வைத்துவிட்டு, துக்க வீட்டில் கேதம் கேட்பதுபோல என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.